தையல் பிரித்த பிறகு

வயிற்றில் ஆபரேஷன் செய்துகொண்டவரை நம் வீடுகளில் பச்சை உடம்புக்காரர் என்பார்கள். அசையாதே, குனியாதே, படி ஏறாதே என்று ஆளாளுக்குச் சொல்வார்கள். அவரும் பயந்துபோய்க் கட்டிலோடு கிடப்பார். தையல் பிரித்த அன்றோடு மருத்துவமனையின் கணக்கு முடிந்துவிடுகிறது. மூன்று மாதம் கழித்தும் நிமிர்ந்து நிற்க முடியவில்லை, தழும்பு சுருக்கென்று இழுக்கிறது, ஒருக்களித்துப் படுக்க முடியவில்லை என்று போய் நின்றால், "ஆபரேஷன் பண்ணின உடம்பு, அப்படித்தான் இருக்கும்" என்ற பதில் காத்திருக்கிறது. அப்படி இருந்தே தீர வேண்டும் என்பதற்கு மருத்துவத்தில் ஆதாரம் இல்லை. கத்தியின் வேலை பாதிதான், தழும்பைச் சரியான வழியில் வளரவிட்டு அசைவைத் திரும்பக் கொண்டுவருவதே மீதிப் பாதி என்ற விதி, நம் மாநிலத்திலேயே 75 ஆண்டுகளுக்கு முன்பு தொழுநோயாளரின் கைகளை வைத்து நிலைநாட்டப்பட்டது. அதை நிலைநாட்டியவர்களில் முதன்மையானவர் கொல்லிமலையின் வாழவந்தி நாட்டில் பிறந்தவர். கைக்குக் கொடுத்த அந்த உரிமையை வயிற்றுக்கு நாம் இன்னும் கொடுக்கவில்லை என்பதே இந்தக் கட்டுரையின் வாதம்.

கொல்லிமலைக்கு இன்று காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளோடு தார்ச்சாலை இருக்கிறது. 1913இல் நடந்து ஏற வேண்டும், இல்லையென்றால் டோலியில் போக வேண்டும். காய்ச்சலுக்குப் பயந்து சமவெளி ஆட்கள் மலையில் இரவு தங்கவே தயங்கிய காலம். அந்த ஆண்டில் திருமணம் செய்துகொண்ட ஜெஸ்ஸி பிராண்ட், ஈவ்லின் என்ற ஆங்கிலேய மிஷனரித் தம்பதி வாழவந்தியில் குடியேறினார்கள். ஜெஸ்ஸி பட்டம் பெற்ற டாக்டர் இல்லை. தொழிலால் கட்டடக்காரர், லண்டன் லிவிங்ஸ்டன் கல்லூரியில் வெப்பமண்டல நோய்களுக்கான குறுகிய பயிற்சி மட்டும் பெற்றிருந்தார். மரத்தைக் கீழேயிருந்து ஆள் வைத்துச் சுமந்துவந்து, கரையான் ஏறாதபடி தூண்களின் மேல் வீடு கட்டினார். அந்த வீட்டு வாசலுக்குத்தான் மலையாளி எனப்படும் அந்த மலையின் பழங்குடி மக்கள் பல்வலியையும் சீழ்க்கட்டியையும் காய்ச்சலையும் கொண்டுவந்தார்கள். 1914 ஜூலை 17 அன்று அவர்களுக்கு மகன் பிறந்தான். பால் பிராண்ட் என்று பெயர். ஒன்பது வயது வரை அவன் வளர்ந்தது இந்த மலையில்தான்.

அந்த வாசலில் நடந்த சிகிச்சைகளில் ஒன்றைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். நரம்புச் சிலந்தி என்ற புழு நோய் அப்போது நம் கிராமங்களில் சாதாரணம். குளத்து நீரோடு உடலுக்குள் போன புழு, ஓராண்டு வளர்ந்து, சில சமயம் ஒரு மீட்டர் நீளத்துக்குக்கூட, காலில் கொப்புளம் கிளப்பித் தலையை நீட்டும். அதைப் பிடித்து வெடுக்கென்று இழுத்தால் அறுந்துவிடும். உள்ளே தங்கிய துண்டு சீழ் பிடித்துக் காலையே முடக்கும். ஆகவே சிறு குச்சியில் புழுவின் நுனியைச் சுற்றி, தினம் கொஞ்சம், எதிர்ப்பு தெரிகிற இடத்தில் நிறுத்தி, மறுநாள் மறுபடியும் கொஞ்சம் என்று பல நாள் சுற்றி எடுக்க வேண்டும். தன் தந்தை இந்த நோயாளிகளுக்குச் சிகிச்சை செய்ததைப் பார்த்த நினைவைப் பால் பிராண்ட் பிற்காலத்தில் எழுதியிருக்கிறார். பின்னாளில் அவர் வகுத்த வைத்திய முறைக்கு இதுதான் மூலம் என்று முடிச்சுப் போடத் தேவையில்லை. உடலிடம் அவசரப்பட்டு இழுத்தால் அறும், பொறுத்து இழுத்தால் வரும் என்ற அறிவு கல்லூரிகளுக்கு முன்பே ஊர்களில் இருந்தது என்பதற்கு இது ஒரு சாட்சி.

1923இல் சிறுவன் படிப்புக்காக இங்கிலாந்து அனுப்பப்பட்டான். தந்தையை அதன் பிறகு பார்க்கவே இல்லை. ஜெஸ்ஸி 1929இல் கருநீர்க் காய்ச்சலில் இறந்து வாழவந்தியிலேயே அடக்கமானார். பால் உடனே மருத்துவம் படிக்கவில்லை. முதலில் கட்டட வேலையிலும் தச்சு வேலையிலும் சில ஆண்டுகள் தொழில் பழகினார். பிறகுதான் லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி மருத்துவமனையில் சேர்ந்து, ஜெர்மன் குண்டுகள் விழுந்துகொண்டிருந்த நகரத்தில் அறுவை மருத்துவரானார். எந்தப் பொருள் எவ்வளவு பாரம் தாங்கும், எங்கே உராயும், எந்தக் கோணத்தில் இழுத்தால் எவ்வளவு விசை விரயமாகும் என்று கேட்கிற பழக்கம் அவரிடம் கடைசி வரை இருந்தது. 1985இல் வெளிவந்த, கையின் இயக்க விசைகளைப் பற்றிய அவருடைய பாடநூலை எழுதியவர் பாதி டாக்டர், பாதி மேஸ்திரி. 1946இல் அவர் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்து சேர்ந்தார்.

அடுத்த ஆண்டில், தொழுநோய் நிபுணர் ராபர்ட் காக்ரேன் அவரைச் செங்கல்பட்டுக்கு அழைத்துப்போனார். திருமணியில் இருந்த லேடி வில்லிங்டன் தொழுநோய் மருத்துவமனையில், விரல்கள் உள்ளங்கைக்குள் மடங்கிப்போன மனிதர்களை பிராண்ட் வரிசையாகப் பார்த்தார். இந்தக் கைகளுக்கு எலும்பு மருத்துவர்கள் என்ன செய்திருக்கிறார்கள் என்று கேட்டார். எதுவும் இல்லை என்றார் காக்ரேன். மடங்கிய கை ஒன்றுக்குள் பிராண்ட் தன் கையைக் கொடுத்து அழுத்தச் சொன்னபோது, வலியில் கத்தும் அளவுக்குப் பிடி இறுகியது. செத்துப்போனதாக எல்லோரும் நினைத்த கையில் இவ்வளவு வலு! முழங்கைக்கு அருகே ஒரு நரம்பு கெட்டதால் உள்ளங்கையின் சிறு தசைகள்தான் செயலிழந்திருந்தன. முன்கையின் பெருந்தசைகள் நன்றாகவே இருந்தன. அவற்றில் ஒன்றை இடம் மாற்றி விரல்களோடு இணைத்தால் கை விரியும்.

அப்போதிருந்த பெரிய தடை ஒரு நம்பிக்கை. தொழுநோயாளரின் சதை கெட்ட சதை, வெட்டினால் ஆறாது என்று மருத்துவர்களே நம்பினார்கள். வேலூரில் செய்த அறுவைகள் அதைப் பொய்யாக்கின. அடிபடாமல் பாதுகாத்தால் மற்றவர்களுக்கு ஆறும் அதே வேகத்தில் அவர்களுக்கும் புண் ஆறியது. ஆறுவதற்கும் அடுத்ததாக ஒரு பிரச்சினை இருந்தது. எந்த உடலிலும் வெட்டுப்பட்ட இடத்தை இயற்கை தழும்பால்தான் மூடுகிறது. தோல், அதன் கீழ்க் கொழுப்பு, தசை, தசைநாண் என்று ஒரே வெட்டில் காயப்பட்ட எல்லாவற்றையும் சேர்த்து ஒரே தழும்பு உருவாகிறது. முதுகில் அப்படி ஒட்டினால் பெரிய நஷ்டமில்லை. விரலை இழுக்கும் தசைநாண் தோலோடு ஒட்டிக்கொண்டால் அது வழுக்கி ஓட முடியாது. அறுவை அழகாக முடிந்திருக்கும், விரல் அசையாது.

பிராண்டும் அவருடன் வேலை செய்தவர்களும் இதற்குக் கண்ட பதில் எளிமையானது. முன்கையிலிருந்து விரல் வரை நீளமாகக் கீறித் திறக்காமல், அங்கங்கே சிறு வெட்டுகள் மட்டும் போட்டு, மழுங்கிய முனையுள்ள நீண்ட கருவியைத் தோலுக்கடியில் மிருதுவான கொழுப்பின் ஊடே செலுத்தி, தசைநாணை அதன் வாயில் கொடுத்து இழுத்துக்கொண்டார்கள். நாண் ஓடும் பாதையில் காயமே இல்லை, ஆகவே ஒட்டுதலும் குறைவு. அதற்கென்றே வடிவமைத்த அந்தக் கருவி இன்றும் பிராண்ட் பெயரால் அழைக்கப்படுகிறது. 1952இல் லண்டன் ராயல் காலேஜ் ஆஃப் சர்ஜன்ஸில் ஹன்டேரியன் சொற்பொழிவாக இந்தக் கை மறுசீரமைப்பை அவர் விளக்கினார். உலகம் பாராட்டியது தசைநாண் மாற்றத்தை. எனக்கு அதைவிடப் பெரியதாகப் படுவது, அந்த அறுவைக்கு முன்னும் பின்னும் வேலூரில் நடந்த காரியம்.

விரல் இறுகிப்போன நோயாளியை நேராக அறுவை மேசைக்குக் கொண்டுபோக மாட்டார்கள். முதலில் இயன்முறைப் பிரிவு. வெதுவெதுப்பான மெழுகில் கையை முக்கி எடுப்பது, எண்ணெய் தடவி நீவுவது. அதற்கும் இளகாத விரலுக்கு மாவுக்கட்டு. நன்றாகக் கவனிக்க வேண்டிய இடம் இது. விரலை வலிக்க வலிக்க நீட்டிக் கட்டுவதில்லை. வலியில்லாமல் எவ்வளவு நிமிர்கிறதோ அந்த நிலையில் விரலைச் சுற்றி மெல்லிய குழாய்போல மாவுக்கட்டு போடுவார்கள். சில நாள் கழித்து வெட்டி எடுத்தால் விரல் இன்னும் கொஞ்சம் நிமிரும். புது நிலையில் புதுக் கட்டு. இப்படி வாரக்கணக்கில் போகும். இதில் நடப்பது இழுவை இல்லை, வளர்ச்சி என்பது பிராண்டின் விளக்கம். மென்மையான, ஓயாத இழுவிசை இருந்தால் உயிருள்ள திசு அதற்கேற்பத் தன்னைப் பெருக்கிக்கொள்கிறது. பலாத்காரமாக நீட்டினால் உள்ளே நுண்ணிய கிழிசல்கள் விழுந்து, வீங்கி, அந்தக் கிழிசலை மூட இன்னும் கொஞ்சம் தழும்பு வந்து சேர்கிறது. அறுவை முடிந்த பிறகு மூன்று வாரம் கட்டு. கட்டு பிரித்த அன்றே பயிற்சி. மணிக்கட்டை அசைத்த தசைக்கு இப்போது விரலை அசைக்கும் வேலை. அதை மூளைக்குப் பழக்க வேண்டும். பயிற்சியில்லாத அறுவை பாதியில் விட்ட அறுவை என்பது அங்கே நடைமுறை விதியாகவே இருந்தது. 1950களின் தொடக்கத்தில் தொடங்கிய நவஜீவ நிலையத்தில் குணமானவர்கள் தச்சுக் கருவிகளைப் பிடித்து மரப்பொம்மைகள் செய்தார்கள். வேலைதான் அங்கே பயிற்சி.

இதே காலத்தில் உலகின் மற்ற ஆபரேஷன் வார்டுகளில் என்ன நடந்தது என்று பார்த்தால் வியப்பாக இருக்கும். வயிற்று அறுவை செய்தவரை இரண்டு, மூன்று வாரம் படுக்கையில் வைப்பதுதான் 20ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில் எங்கும் வழக்கம். சிகாகோவின் எமில் ரீஸ் 1899இலேயே நோயாளிகளைச் சீக்கிரம் எழுப்பி நடக்கவிடலாம் என்று எழுதினார். நாற்பது ஆண்டுகள் அவரை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. டெட்ராயிட்டின் டேனியல் லைட்ஹவுசர் 1930களின் இறுதியில் அதை மறுபடி கையிலெடுத்தார். இரண்டாம் உலகப் போர் வந்து கட்டில்களுக்கும் செவிலியருக்கும் தட்டுப்பாடு ஏற்பட்டபோது, வேறு வழியின்றி நோயாளிகளை எழுப்பி நடக்கவிட்டார்கள். தையல் பிரிந்துவிடும் என்ற பயம் பொய்த்தது. பிராண்ட் செங்கல்பட்டுக்குப் போன அதே 1947இல் லண்டன் மருத்துவர் ரிச்சர்ட் ஆஷர், படுத்தே கிடப்பதன் ஆபத்துகளைப் பற்றி பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதிய கட்டுரை இன்றும் பேசப்படுகிறது. காலில் ரத்தம் உறைதல், நெஞ்சில் சளி கட்டுதல், மூட்டு இறுகுதல், மனச்சோர்வு எல்லாம் கட்டிலின் பிள்ளைகள் என்பதை அது எடுத்துக்காட்டியது. 1990களில் டென்மார்க்கின் ஹென்ரிக் கெலெட், அறுவை முடிந்த சில மணி நேரத்திலேயே நோயாளியை உட்காரவைத்து நடக்கவைக்கும் திட்டத்தை வகுத்தார். ஆக, வயிற்றுக்கும் அசைவு வேண்டும் என்ற முடிவுக்கு மருத்துவம் வேறொரு பாதையில் வந்து சேர்ந்துவிட்டது. ஆனால் அது எழுப்பி நடக்கவிட்டதோடு நின்றுகொண்டது. தழும்போடு அடுத்த ஓராண்டு எப்படி வாழ்வது என்று சொல்லித்தரும் இயன்முறை மருத்துவர், தொழுநோய்க் கைக்குக் கிடைத்த அளவுக்கு வயிற்றுக்குக் கிடைக்கவில்லை.

கையும் வயிறும் ஒன்றா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. விரலுக்கு மாவுக்கட்டு போடலாம், வயிற்றுக்குப் போட முடியாது. கையில் வழுக்கி ஓட வேண்டியவை நாண்கள், வயிற்றில் ஓட வேண்டியது குடல். வயிற்றுத் தழும்பை இரண்டாகப் பிரித்துப் பார்த்தால் குழப்பம் குறையும். ஒன்று, வயிற்றுச் சுவரின் தழும்பு: தோல், கொழுப்பு, தசையுறை எல்லாம் சேர்ந்த அடுக்கு. பிராண்டின் பாடம் நேரடியாகப் பொருந்துவது இங்கேதான். மற்றொன்று, உள்ளே குடலுக்கும் வயிற்றறைச் சவ்வுக்கும் இடையே ஏற்படும் ஒட்டல். வயிற்றைத் திறந்து செய்த அறுவைக்குப் பிறகு பெரும்பாலோருக்கு இது ஓரளவு ஏற்படுகிறது. பலருக்குத் தொல்லையே இல்லை. ஸ்காட்லாந்தில் 1986இல் வயிறு அல்லது இடுப்புக்குழியில் திறந்த அறுவை செய்துகொண்டவர்களைப் பத்து ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வு 1999இல் லான்செட் இதழில் வந்தது. அவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர், ஒட்டலோடு தொடர்புடைய அல்லது தொடர்பு இருக்கக்கூடிய காரணங்களுக்காக மறுபடி மருத்துவமனையில் சேர்ந்திருந்தார்கள். இந்த உள் ஒட்டலை வெளியிலிருந்து நீவி உடைத்துவிடலாம் என்று சொல்கிறவர்கள் உண்டு. அதற்கு வலுவான ஆதாரம் இல்லை. ஒட்டலைக் குறைக்கும் பொறுப்பு முதன்மையாக அறுவை மருத்துவருடையது: திசுவைக் கசக்காமல் கையாள்வது, சவ்வைக் காயவிடாமல் ஈரமாக வைப்பது, கையுறைப் பொடி உள்ளே போகாமல் பார்ப்பது. சவ்வில் மாவுப்பொடி ஒட்டலைத் தூண்டுகிறது என்பதும் ஒரு காரணமாகி, அமெரிக்கா 2017இல் பொடி தடவிய மருத்துவக் கையுறைகளையே தடைசெய்தது. குறைவான காயம், குறைவான தழும்பு என்ற பிராண்டின் முதல் விதி இங்கும் செல்லுபடியாகிறது. இரண்டாவது விதியான படிப்படியான அசைவு, வயிற்றுச் சுவருக்கு உரியது.

அந்தச் சுவரில் என்ன நடக்கிறது? வெட்டிய முதல் சில நாள் வீக்கமும் சிவப்பும். நான்காம், ஐந்தாம் நாளிலிருந்து நார்களை உற்பத்தி செய்யும் செல்கள் வந்து குவிகின்றன. மூன்று வாரம் வரை நார் தாறுமாறாகக் குவிகிறது. அதன் பிறகு ஓராண்டுக்கும் மேலாக, குவிந்த நாரை உடல் கரைத்தும் மறுபடி அடுக்கியும் சீர்செய்கிறது. எந்தத் திசையில் இழுவை இருக்கிறதோ அந்தத் திசையில் நார்கள் ஒழுங்குபடுகின்றன. வலுவைப் பொறுத்தவரை, முதல் வாரத்தில் தழும்புக்குப் பழைய தோலின் வலுவில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது. மூன்று மாதத்தில் 80 சதவீதத்தை நெருங்கும். அதற்கு மேல் ஏறுவதில்லை. இந்தக் கணக்கிலிருந்து இரண்டு உண்மைகள் வருகின்றன. முதல் ஆறு வாரம் பாரம் தூக்குவது ஆபத்து. அதே ஆறு வாரத்தில் அசையாமல் கிடப்பதும் நஷ்டம், ஏனென்றால் நார் எப்படி அடுக்கப்படும் என்பது அந்த மாதங்களில்தான் தீர்மானமாகிறது. வலிக்குப் பயந்து கூன் போட்டே நடப்பவருக்குக் கூனின் நீளத்துக்கே தழும்பு அமைகிறது. பிறகு நிமிரும்போது இழுக்கிறது. இழுப்பதால் மறுபடி கூனுகிறார். முதுகுவலி அதன் தொடர்ச்சி.

நடைமுறையில் இது எவ்வளவு சிறிய காரியம் என்பது பலருக்குத் தெரியாது. படுக்கையிலிருந்து எழும்போது நேராக எக்காமல், முழங்காலை மடக்கி, ஒரு பக்கமாக உருண்டு, கையை ஊன்றி எழ வேண்டும். இருமும்போதும் தும்மும்போதும் ஒரு தலையணையைத் தையல் மேல் அணைத்துப் பிடிக்க வேண்டும். மல்லாந்து படுத்து, வயிற்றின் மேல் கை வைத்து, கை எழும்பும்படி மெதுவாக மூச்சை இழுத்துவிட வேண்டும். வலிக்குப் பயந்து நெஞ்சோடு மூச்சை நிறுத்திக்கொள்வதால் வயிற்றுச் சுவர் அசைவதே இல்லை. இந்த மூச்சுதான் அதற்கு முதல் பயிற்சி. தினம் கொஞ்சம் அதிகமாக, நிமிர்ந்து நடக்க வேண்டும். புண் முழுதாக மூடி, பொருக்கு உதிர்ந்து, மருத்துவர் சரி என்ற பிறகு, பெரும்பாலும் ஆறு வாரத்தை ஒட்டி, விரல் நுனியால் தழும்பின் மேல் தோலை மேலும் கீழும் பக்கவாட்டிலும் வட்டமாகவும் மெல்ல நகர்த்தலாம். தோல் அடியோடு ஒட்டியிருக்கும் இடம் விரலுக்கே தெரியும். அங்கே அழுத்திக் கசக்கக் கூடாது. சில நிமிடம், தினமும், வலி தொடங்கும் இடத்துக்கு முன்பே நிறுத்தி. மாவுக்கட்டில் இருந்த அதே பொறுமைதான் இங்கும் மருந்து. உள்ளே தொல்லை இருந்தால் அதன் முகம் வேறு: வயிறு உப்பி, விட்டுவிட்டு முறுக்கி வலித்து, வாந்தி வந்து, காற்றும் மலமும் போகாமல் நின்றால் அது குடலடைப்பாக இருக்கலாம். நீவலும் எண்ணெயும் அங்கே எதிரி. குடல் ஏறிவிட்டது என்று வயிறு தட்டுகிறவரிடம் கொண்டுபோகாமல் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

அடுத்த மறுப்பு மலையிலிருந்தே வரும். கொல்லிமலைச் சரிவில் வாழ்கிற பெண்ணிடம் போய் அசை, நட என்று சொல்வது யாருக்கு லாபம்? விறகுக் கட்டு, தண்ணீர்க் குடம், சாமைக் கதிர், மிளகு மூட்டை என்று அவள் தலை காலியாக இருக்கும் நாள் அபூர்வம். பச்சை உடம்பு என்ற ஒரு சொல்தான் அவளுக்குக் கிடைக்கிற ஒரே விடுப்பு. அதையும் மூடநம்பிக்கை என்று தள்ளிவிட்டால், மூன்றாம் வாரமே தலையில் சுமை ஏறும். இந்த மறுப்பை நான் முழு மனதோடு ஏற்கிறேன். ஓய்வு என்ற வழக்கத்தில் பெண்ணுக்குப் பாதுகாப்பு இருக்கிறது. அதை உடைப்பது அநியாயம். தவறு ஓய்வில் இல்லை. சுமையிலிருந்து விலக்கு, அசைவிலிருந்து விலக்கு என்ற இரண்டையும் ஒன்றாகக் குழப்பியதில்தான் தவறு. குடம் தூக்காதே என்பது சரி, குனிந்தே நட என்பது சரியில்லை. விறகு வெட்டப் போகாதே என்பது சரி, மூன்று மாதம் கட்டிலை விட்டு இறங்காதே என்பது சரியில்லை. பிரசவித்த வயிற்றைத் துணியால் கட்டும் வழக்கத்திலும் இதே பிரிவினை உண்டு: எழுந்து நடக்கும்போது தாங்கலாக, மூச்சு முட்டாத அளவுக்குக் கட்டினால் வலி குறைந்து நடை எளிதாகிறது, நாள் முழுக்க இறுக்கிக் கட்டினால் தசை வேலை செய்ய மறந்துபோகிறது. தொழுநோய்க் கைக்கும் மூன்று வாரம் முழு ஓய்வு கொடுத்துவிட்டுத்தான் பயிற்சியைத் தொடங்கினார்கள் என்பதை நினைத்துக்கொள்ள வேண்டும்.

இதையெல்லாம் ஒரு வெள்ளைக்கார மிஷனரி குடும்பத்தின் கதையாகச் சொல்வது சரியா என்ற கேள்வியும் இருக்கிறது. பிராண்ட் குடும்பம் மலைக்கு வந்தது மதத்தைப் பரப்ப. மருத்துவம் அதன் கூடவே வந்தது. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அறிவு ஒருவர் தலையில் மட்டும் பிறக்கவில்லை. தங்கள் கைகளை முதன்முதலாகக் கத்திக்குக் கொடுத்த தமிழ்நாட்டுத் தொழுநோயாளர்கள் இல்லாமல் இந்த வரலாறு இல்லை. அறுவை பலிக்குமா என்பது அவர்கள் கையில்தான் சோதிக்கப்பட்டது. மேரி வர்கீஸின் பங்கு தனி. கேரளத்தில் பிறந்து வேலூரில் படித்த இந்த மருத்துவர் 1954இல் கார் விபத்தில் சிக்கி இடுப்புக்குக் கீழே செயலிழந்தார். சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளரின் கைகளில் அறுவை செய்யக் கற்றார். பிறகு நியூயார்க்கில் மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பி, வேலூர் கல்லூரியில் அதற்கென ஒரு துறையை உருவாக்கினார். 1966இல் பாகாயத்தில் மறுவாழ்வு நிலையம் திறந்தது. அறுவைக்குப் பின்னான வாழ்க்கை மருத்துவத்தின் வேலையே என்று நம் நாட்டில் நிறுவன வடிவம் கொடுத்தவர்களில் அவர் முன்வரிசை. பிராண்டின் தாய் ஈவ்லினையும் இந்த வரிசையில் சேர்ப்பவர்கள் உண்டு. கணவர் இறந்த பிறகும் மலைகளில் ஊழியம் செய்து, விழுந்து அடிபட்ட பின் இரண்டு மூங்கில் கழிகளை ஊன்றியே ஊர் ஊராகப் போய், 1974இல் 95 வயதில் இறந்து, வாழவந்தியில் கணவர் அருகே அடக்கமானவர். மனத்தைத் தொடும் வாழ்க்கைதான். என்றாலும் ஒரு மனுஷியின் வைராக்கியத்தை மருத்துவ ஆதாரமாக்க நான் விரும்பவில்லை. எல்லோரிடமும் அந்த வைராக்கியத்தை எதிர்பார்ப்பது, கவனிப்பு கொடுக்காத அமைப்புக்குச் சாக்காகிவிடும்.

அமைப்பின் அளவைப் பார்த்தால்தான் விஷயத்தின் கனம் புரியும். 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டுப் பிரசவங்களில் 44.9 சதவீதம் சிசேரியன். இந்திய அளவில் 21.5. இதோடு கர்ப்பப்பை நீக்கம், குடலிறக்கம், குடல்வால், கருத்தடை அறுவை எல்லாவற்றையும் சேர்த்தால், வயிற்றில் தழும்போடு வாழ்கிறவர் இல்லாத தெரு நம் மாநிலத்தில் இருக்காது. இவ்வளவு பேருக்கும் இயன்முறை மருத்துவர் எங்கே என்று கேட்பார்கள். ஒவ்வொருவருக்கும் தனி நிபுணர் தேவையே இல்லை. பெரும்பாலோருக்கு வேண்டியது, வீட்டுக்குப் போகும் முன் செவிலியர் பக்கத்தில் நின்று எழுந்திருக்கவும் மூச்சுவிடவும் நடக்கவும் செய்துகாட்டும் கால் மணி நேரம். ஆறாம் வாரத்தில் தழும்பைத் தொட்டுப்பார்த்து நீவக் கற்றுக்கொடுக்கும் இன்னொரு கால் மணி நேரம். பிரசவித்த பெண்ணின் வீட்டுக்குக் கிராம சுகாதாரச் செவிலியர் ஏற்கெனவே போகிறார். குழந்தையை எடை போடும் அதே வருகையில் தாயின் தழும்பையும் பார்க்கலாம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறை மருத்துவர்கள் வீடு தேடிப் போகிறார்கள். பக்கவாதம் வந்தவர்களும் மூட்டு முடங்கியவர்களும் பயனடைகிறார்கள். ஆறு வாரம் கழித்தும் நிமிர முடியாத வயிற்று அறுவை நோயாளியையும் அந்தப் பட்டியலில் சேர்க்கலாம். வாழவந்தி நாட்டுப் பெண் ஒருத்தி சேலத்திலோ நாமக்கல்லிலோ அறுவை முடிந்து பேருந்தில் மலை ஏறும்போது, அவள் கையிலிருக்கும் டிஸ்சார்ஜ் தாளில் மாத்திரைகளின் பெயருக்குக் கீழே இந்தப் பயிற்சிகளும், எத்தனை வாரம் சுமை தூக்கக் கூடாது என்ற கணக்கும் தமிழில் அச்சாகியிருக்க வேண்டும். அந்தக் கணக்கு அவளுக்கு மட்டுமல்ல, அவள் கணவருக்கும் மாமியாருக்கும் படித்துக்காட்டப்பட வேண்டும்.